பூட்டிய வாசலும் பொது முற்றமும்: வாகனத் திருட்டில் பொறுப்பு யாருடையது?

சென்ற ஆண்டு ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின் மாணவர்களுக்கு 'ஹிதாயா'வின் திருட்டுப் பாடத்தைச் சொல்லி முடித்து நூலை மூடிய வேளையில், பழைய மாணவர் ஒருவரின் தந்தையார் வந்து அருகில் அமர்ந்தார். சேலத்தில் அண்மை ஆண்டுகளில் எழுந்த அடுக்ககம் ஒன்றில் அவர் குடியிருக்கிறார். இருபத்து நான்கு வீடுகள். கீழே தூண்கள் மட்டும் நிற்கும் தளத்தில் எல்லாருடைய வாகனங்களும் நிற்கும். அங்கிருந்து ஓர் இரவில் ஒரு வீட்டாரின் புது மோட்டார் சைக்கிள் களவு போய்விட்டது. கண்காணிப்புக் கேமராவில் பதிவானவை முகத்தில் துணி கட்டிய இருவரின் முதுகுகள் மட்டுமே.

அடுத்த ஞாயிறு குடியிருப்போர் சங்கம் கூடியது. வாட்ச்மேன் அறுபதைக் கடந்தவர். ராசிபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வண்டியின் விலையில் பாதியை அவருடைய சம்பளத்தில் மாதம் இரண்டாயிரமாகப் பிடித்துக்கொள்வது என்று கூட்டம் முடிவு செய்தது. அவர் பெற்றுவந்த சம்பளம் ஒன்பதாயிரம். "நானும் கையைத் தூக்கிவிட்டேன் ஹஜ்ரத். அன்றிலிருந்து மனம் ஒப்பவில்லை. மார்க்கத்தில் இதற்கு என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டார்.

அன்று அவரிடம் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். அடுக்கக வாழ்க்கை நமக்குப் புதிது. ஒரு கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்வதும், நடுவே பொது முற்றம் இருப்பதும், அங்கே பொருள் காணாமற்போவதும் ஃபிக்ஹுக்குப் புதியவையல்ல. 'கான்' என்னும் வணிகர் விடுதிகளையும், பல அறைக்கட்டுகள் கொண்ட பெருமனைகளையும் முன்னிறுத்தி நம் இமாம்கள் இவற்றை நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரண்டு கேள்விகளைப் பிரித்தறிதல்

திருட்டு நடந்த இடத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. திருடியவனின் குற்றம் எத்தகையது என்பது ஒன்று. பொருளை இழந்தவருக்கு, திருடனைத் தவிர வேறு யாரேனும் ஈடு செய்யக் கடமைப்பட்டவரா என்பது மற்றொன்று. முதலாவதில் ஆராயப்படுவது 'ஹிர்ஸ்', அதாவது பொருள் தக்க பாதுகாப்பில் இருந்ததா என்பது. இரண்டாவதில் ஆராயப்படுவது 'ளமான்', அதாவது ஈட்டுப் பொறுப்பு. சங்கக் கூட்டங்களில் இவ்விரண்டும் கலந்து குழம்பிவிடுகின்றன. "பாதுகாப்பு சரியில்லை, ஆகவே வாட்ச்மேன் கொடுக்கட்டும்" என்று ஒரே மூச்சில் பேசிவிடுகிறார்கள். பாதுகாப்புக் குறைவு என்பதிலிருந்து இன்னார் பணம் கொடுக்க வேண்டும் என்பது தானாக வந்துவிடாது.

ஹிர்ஸைப் பற்றிய விளக்கங்களுக்கு அடிப்படையாக நிற்பது ஸஃப்வான் பின் உமைய்யா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. அவர்கள் பள்ளிவாசலில் தம் மேலாடையைத் தலைக்கு வைத்து உறங்கினார்கள். ஒருவன் அதை உருவிக்கொண்டு போனான். பிடிபட்டு அண்ணலாரின் (ஸல்) முன் நிறுத்தப்பட்டபோது திருட்டுக்குரிய தீர்ப்பு வழங்கப்பட்டது. முப்பது திர்ஹம் பெறுமான ஆடைக்காக இத்தண்டனையா என்று ஸஃப்வான் (ரலி) மனமிரங்கி, அதை அவனுக்கே விட்டுக்கொடுக்க முன்வந்தார்கள். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அதைச் செய்திருக்கலாமே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். இந்நிகழ்ச்சி முவத்தாவிலும் அபூதாவூத், நஸயீ முதலிய நூல்களிலும் இடம்பெற்றுள்ளது.

பள்ளிவாசல் எவரும் நுழையும் பொது இடம். அங்கே சுவரும் கதவும் அந்த ஆடைக்குப் பாதுகாப்பாகா. உடையவர் அதன்மேல் தலைவைத்துக் கிடந்ததே பாதுகாப்பாயிற்று. இதிலிருந்தே ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) ஹிதாயாவில் பாதுகாப்பை இரண்டாக வகுக்கிறார்கள். வீடு, கடை போன்று இடத்தால் அமையும் பாதுகாப்பு ஒன்று. காவல் இருப்பவரால் அமையும் பாதுகாப்பு மற்றொன்று. முதல் வகைக்குக் காவலர் தேவையில்லை. இரண்டாம் வகையில் இடம் எதுவாயினும் காவலிருப்பவர் இருந்தால் போதும், அவர் உறங்கினாலும் சரி.

நாமக்கல் பகுதி அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் கேபினில் படுப்பார். கிளீனர் தார்ப்பாயின் மேல் படுத்துக்கொள்வார். டீசலும் பேட்டரியும் ஸ்டெப்னியும் இருக்குமிடத்தில் மனிதன் இருக்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் கற்றுத்தந்த பாடம். கிதாபில் வரும் 'காவலால் அமையும் ஹிர்ஸ்' என்ற சொல்லை மாணவர்களுக்கு விளக்க நான் பெரும்பாலும் இந்த லாரியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அடுக்ககத்திற்கு நேரடியாகப் பொருந்தும் பகுதி இதற்கடுத்து வருகிறது. பல அறைக்கட்டுகளும் நடுவே முற்றமும் உள்ள பெருமனை ஒன்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு கட்டும் அதில் வாழ்பவரைப் பொறுத்தவரை தனித்தனிப் பாதுகாப்பிடம் என்கிறது ஹிதாயா. ஒரு கட்டிலிருந்து பொருளை எடுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்த அளவிலேயே அது அந்தக் கட்டின் பாதுகாப்பிலிருந்து வெளியேறிவிட்டது. அப்படியானால், முற்றத்திலேயே கிடக்கும் பொருளின் நிலை என்ன? வெளியாளைப் பொறுத்தவரை மூடிய வாயில் அதற்குப் பாதுகாப்பு. உள்ளே வாழ்பவர்களோ முற்றத்தில் நடமாட உரிமை பெற்றவர்கள். உரிமையோடு நுழைபவனுக்கு எதிராக அந்த இடம் பாதுகாப்பாக நிற்காது. பகலில் மக்கள் நுழைய அனுமதிக்கப்பட்ட குளியல் விடுதியைப் பற்றியும் அவர்கள் இதே காரணத்தைச் சொல்கிறார்கள்.

அடுக்ககத்தின் தூண்தளம் இந்த முற்றத்தின் நேர்வழித்தோன்றல். வீட்டுக் கதவுக்கு உள்ளே இருப்பது ஒரு நிலை. கதவுக்கு வெளியே, வாயிலுக்கு உள்ளே இருப்பது மற்றொரு நிலை. பால்காரர், செய்தித்தாள் போடுபவர், உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞர், உறவினர், மாடியில் டைல்ஸ் ஒட்ட வந்தவர் என எத்தனையோ பேருக்கு அனுமதியுள்ள இடம் அது. குற்றவியல் தண்டனைப் பகுதி நம் நாட்டில் நடைமுறையில் இல்லை. அது நம் பேச்சுமன்று. பாதுகாப்பு என்பது இடத்துக்கு இடம், பொருளுக்குப் பொருள், வழக்கத்துக்கு ஏற்ப மாறும் என்னும் அந்த அறிவுதான் நமக்கு வேண்டியது. முற்றத்தில் நிறுத்திய வண்டிக்குப் படுக்கையறைப் பேழையின் பாதுகாப்பை எதிர்பார்ப்பது முறையன்று.

யாருடைய கையில்?

இனி ஈட்டுப் பொறுப்பு. ஒரு பொருளை வாங்கிக்கொண்ட கை, அதைத் திருப்பித் தரும்வரை அதற்குப் பொறுப்பு என்ற கருத்துடைய நபிமொழி ஸமுரா (ரலி) வழியாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்துள்ளது. இதில் முதன்மையானது 'கை'. பொருள் யாருடைய கைக்கு மாறியது? மாறவே இல்லையென்றால் ஈடு பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

கைமாறினாலும் எல்லாக் கைகளும் ஒன்றல்ல. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கூலியின்றிக் காப்பவர் அமானிதக்காரர். அத்துமீறலோ கவனக்குறைவோ இல்லாமல் பொருள் தொலைந்தால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. இதில் நான்கு மத்ஹபுகளும் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. காப்பதற்கென்றே கூலி வாங்குபவரின் நிலை வேறு. உதுமானிய ஆட்சியில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லத்துல் அஹ்காம்' ஹனஃபி சட்டத்தை விதிகளாக வரிசைப்படுத்தித் தந்தது. அதன் 777ஆம் விதி, கூலிக்குக் காக்கப்படும் பொருள் தவிர்த்திருக்கக் கூடிய காரணத்தால் தொலைந்தால் காத்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது. அதற்கு அவ்விதி காட்டும் எடுத்துக்காட்டே திருட்டுதான்.

அதே நூலின் 773ஆம் விதி இன்னும் சுவையானது. ஒப்படைப்புக்கு வாய்ச்சொல் தேவையில்லை என்கிறது அது. ஒருவர் விடுதிக்குள் நுழைந்து, தம் பிராணியை எங்கே கட்டுவது என்று விடுதிக்காரரைக் கேட்கிறார். அவர் ஓர் இடத்தைக் காட்டுகிறார். இவர் கட்டிவிட்டுப் போகிறார். ஒப்படைப்பு நிறைவேறிவிட்டது. பலர் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒருவர் தம் பொருளை வைத்துவிட்டுப் போக, அவர்கள் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தால் அது அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்டதாகும். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனால், கடைசியில் எஞ்சியிருப்பவரிடமே அப்பொறுப்பு தங்கும்.

பேருந்து நிலையத்தருகே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை விடுகிறோம். டோக்கன் தருகிறார்கள், காசு வாங்குகிறார்கள், டோக்கனின்றி வண்டியை வெளியே விடுவதில்லை. இது கூலிக்குக் காத்தல். அங்கே வண்டி காணாமற்போனால் 777ஆம் விதி பேசும். "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை தொங்குவதால் மட்டும் அந்தப் பொறுப்பு கழுவப்பட்டுவிடாது. அடுக்ககத்தில் இப்படி எதுவும் நடப்பதில்லை. நம் வண்டியை நாமே கொண்டுவந்து, நமக்கு ஒதுக்கிய இடத்தில் நாமே நிறுத்தி, நாமே பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். எவரையும் கேட்காமல் எந்நேரமும் எடுத்துச் செல்கிறோம். வண்டி நம் கையை விட்டு நீங்கவேயில்லை.

அப்படியானால் மாதந்தோறும் கொடுக்கும் பராமரிப்புக் கட்டணம் காவற்கூலி ஆகாதா என்று வந்த அன்பர் கேட்டார். நல்ல கேள்வி. சங்கம் என்பது வேறொருவரன்று, குடியிருப்போரேதான். அவர்கள் பொதுவான ஓர் இடத்தைக் கூட்டாக வைத்துக்கொண்டு, அதன் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஃபிக்ஹில் இது உடைமைக் கூட்டு. நிறுத்துமிடங்களை ஆளுக்கொன்றாக ஒதுக்கிக்கொள்வது 'முஹாயஆ' எனப்படும் பயன்பாட்டுப் பங்கீடு. மும்பைக் கட்டடம் ஒன்றைப் பற்றிய நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய தூண்தள நிறுத்துமிடத்தைத் தனியே விற்க முடியாத பொது இடமாகவே கண்டது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு. எனினும் இடத்தின் தன்மையை அது சரியாக இனங்கண்டது. ஆக, சங்கம் ஈடு தர வேண்டுமென்றால், வண்டியை இழந்தவர் உட்பட எல்லாரும் தத்தம் பையிலிருந்து எடுத்துக்கொடுப்பதாகவே முடியும். அப்படிச் செய்வது நன்று. அதற்குப் பெயர் ஈடன்று, உதவி. கடமையல்லாத உதவியைக் கடமை என்று சொல்லி ஒருவர் தலையில் கட்டும்போதுதான் அநீதி பிறக்கிறது.

விடுதிக் காவலரும் நம் வாட்ச்மேனும்

ஹனஃபி மத்ஹபில் கூலியாள் இரு வகையினர். தையற்காரர், சலவைக்காரர் போன்று பலருக்கும் வேலை செய்பவர் பொதுக் கூலியாள். குறிப்பிட்ட காலத்துக்குத் தம் நேரத்தையே ஒருவருக்குக் கொடுத்துவிட்டவர் தனிக் கூலியாள். பொதுக் கூலியாளின் கையில் பொருள் தொலைந்தால் அவர் பொறுப்பல்ல என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தவிர்க்கவே முடியாத பெருந்தீ போன்றவை நீங்கலாக மற்றவற்றுக்கு அவர் பொறுப்பு என்பது அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவரின் கருத்து. கைவினைஞர்களைப் பொறுப்பாக்காவிட்டால் மக்களின் நடப்பு சீர்படாது என்று அலீ (ரலி) அவர்கள் கருதியதாக வரும் செய்தி இதற்குத் துணை நிற்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் குறித்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஐயம் தெரிவித்துள்ளார்கள். தனிக் கூலியாளைப் பொறுத்தவரை இத்தகைய வேறுபாடு இல்லை. அவர் நம்பிக்கைக்குரியவர், அவருடைய வரம்புமீறலோ அலட்சியமோ மெய்ப்பிக்கப்படாதவரை ஈடு கேட்க முடியாது.

நம் கேள்வியை ஏறத்தாழ அதே வடிவில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் டமாஸ்கஸில் வாழ்ந்த இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) (மறைவு கி.பி. 1836) 'ரத்துல் முஹ்தார்' நூலில் எடுத்துக்காட்டுகிறார்கள். விடுதியையோ கடைத்தெருவையோ காக்க ஒருவர் அமர்த்தப்படுகிறார். அங்கிருந்து ஒரு பொருள் தொலைகிறது. அறைக்கு வெளியே இருந்த பொருளாயின் அவர் பொதுக் கூலியாள் என்ற அடிப்படையில் ஈடு தர வேண்டும் என்று ஒரு கருத்து உண்டு. அதை முன்னோர் நூலிலிருந்து எடுத்துச் சொன்ன பின், அவர் பொறுப்பல்லர் என்பதே சரியானது, ஃபத்வாவும் அதன்படியே என்று அங்கே முடிவு சொல்லப்படுகிறது. காரணம், அவர் தனிக் கூலியாள். அந்த நேரத்தில் வேறொரு தொழிலில் ஈடுபட அவருக்கு இடமில்லை. அறைக்குள் இருந்த பொருளாயின் அவர் பொறுப்பல்லர் என்பது இன்னும் தெளிவு. அப்பொருள்கள் உடையவர் கையிலேயே இருக்கின்றன.

சேலம், நாமக்கல் பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகளாதலால் அந்த மத்ஹபின் நூல்களையே முதன்மையாகக் காட்டினேன். வந்தவருக்கு இந்தப் பக்கத்தைத் திறந்து வாசித்துப் பொருள் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை.

பிறகு நான் அவரிடம் சில விவரங்கள் கேட்டேன். அந்தப் பெரியவரின் வேலை என்னென்ன? காலையில் தண்ணீர் மோட்டார் போடுவது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது, படிக்கட்டு பெருக்குபவர் வராத நாளில் பெருக்குவது, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரை இயக்குவது, கூரியர் வாங்கி வைப்பது, ஆட்டோ பிடித்துக் கொடுப்பது, இரவு பதினொன்றுக்கு வாயிலைச் சாத்துவது. இரவில் அவர் படுக்கலாமா கூடாதா? அதை யாரும் எப்போதும் சொன்னதில்லை. படுப்பதற்கு ஒரு கட்டிலைச் சங்கமே வாங்கிக் கொடுத்திருந்தது! பகல் முழுதும் வேலை வாங்கிவிட்டுப் படுக்கக் கட்டிலும் கொடுத்தபின், கண் மூடியதை அலட்சியம் என்பது எப்படி? இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே மனிதர் விழித்திருப்பார் என்று எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்றைக் கூட்டத்தினர் மனத்தில் வைத்திருந்தார்கள்.

மாறாக, வெளியாள் ஒருவருக்கு அவர் வாயிலைத் திறந்துவிட்டிருந்தாலோ, வேலைநேரத்தில் சொல்லாமல் இடத்தைவிட்டுப் போயிருந்தாலோ, தாமே உடந்தையாக இருந்திருந்தாலோ தீர்ப்பு வேறாகியிருக்கும். அப்போதும் அதை மெய்ப்பிக்க வேண்டியவர்கள் குற்றம் சாட்டுபவர்களே. முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதிடுவதாக அல்லாஹ் கூறும் செய்தி புகாரீயில் உள்ளது. கூட்டத்தில் கை தூக்கும் முன் அது நினைவில் இருந்திருக்கலாம்.

நாட்டுச் சட்டம் சொல்வது

மஜல்லா தொகுக்கப்பட்ட அதே காலத்தில், 1872இல், இந்திய ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 148ஆம் பிரிவு ஒப்படைப்பை வரையறுக்கிறது: ஒரு நோக்கத்துக்காகப் பொருள் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சேர்க்கப்பட வேண்டும், நோக்கம் நிறைவேறியதும் திரும்ப வேண்டும். பெற்றவர், சாதாரண அறிவுடைய மனிதர் தம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் கவனத்தைக் காட்ட வேண்டும் என்பது 151ஆம் பிரிவு. அந்தக் கவனத்தைக் காட்டியும் இழப்பு நேர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொறுப்பில்லை என்பது 152ஆம் பிரிவு. சொற்கள் வேறு; 'கை', 'கவனக்குறைவு' என்ற இரு தூண்கள் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே.

வாகன நிறுத்தத்தில் இந்தச் சட்டம் எப்படிச் செயற்படுகிறது என்பதற்குத் தில்லி தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கு தெளிவான சான்று. 1998 ஆகஸ்டு முதல் நாள் இரவு ஒருவர் தம் மாருதி ஜென் காரை அந்த ஹோட்டல் பணியாளரிடம் சாவியோடு கொடுத்துச் சீட்டு பெற்றுக்கொண்டார். உரிமையாளரின் பொறுப்பிலேயே வாகனம் நிற்கிறது என்று சீட்டில் அச்சிடப்பட்டிருந்தது. திரும்பி வந்தபோது, வேறொரு காரில் வந்த இளைஞர்களில் ஒருவன் சாவியை எடுத்து அக்காரை ஓட்டிச் சென்றுவிட்டது தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் உரியவருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு ஹோட்டலின் மேல் நுகர்வோர் வழக்கிட்டது. இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஹோட்டலே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சாவி கைமாறியதால் அது ஒப்படைப்பு; வாகனம் திரும்பக் கிடைக்காதபோது தன்மேல் குறையில்லை என்று காட்ட வேண்டியது ஹோட்டலின் கடமை; தன் அலட்சியத்தை அச்சிட்ட சீட்டின் பின்னே மறைத்துக்கொள்ள முடியாது. அதே வேளையில், எந்நிலையிலும் ஹோட்டலே பொறுப்பு என்ற கடுமையான விதியை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இதன் மறுபக்கத்தை 1937இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆஷ்பி எதிர் டோல்ஹர்ஸ்ட் வழக்கில் காட்டியது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கினாலும், காரை நிறுத்த இடம் மட்டும் தரப்பட்ட நிலையில் அது ஒப்படைப்பாகாது, இடத்தைப் பயன்படுத்தும் அனுமதியே என்றது அத்தீர்ப்பு. நம் அடுக்ககத் தூண்தளம் இந்த இரண்டாவது நிலைக்கே நெருக்கமானது.

சம்பளப் பிடித்தத்துக்கும் சட்டத்தில் இடம் அளந்துதான் தரப்பட்டது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், காப்பதற்கென வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள், தொழிலாளியின் சொந்த அலட்சியத்தால் நேரடியாக இழக்கப்பட்டால் மட்டுமே பிடித்தத்தை அனுமதித்தது. அதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இவ்வரையறையைப் பேணுகிறது. எந்தெந்த வேலைத்தலங்களுக்கு இச்சட்டங்கள் பொருந்தும் என்பது வழக்கறிஞர்களின் துறை. அந்த ஞாயிற்றுக் கூட்டத்தில் அந்தப் பெரியவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

சாவியும் கதவும்

இடநெருக்கடியுள்ள அடுக்ககங்களில் ஒரு காருக்குப் பின்னால் மற்றொன்றை நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவர் காலையில் வெளியேற வேண்டுமே என்று பின்னால் நிறுத்துபவர் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார். பார்ப்பதற்கு இது சிறு வசதி. ஃபிக்ஹின் பார்வையிலும் சட்டத்தின் பார்வையிலும் இங்கே எல்லாம் மாறிவிடுகிறது. விடுதியில் பிராணியைக் கட்ட இடம் காட்டியதே ஒப்படைப்பாகுமென்றால், சாவியைக் கையில் வாங்கியது எப்படி ஆகாது? அந்தச் சாவியை அவர் ஆணியில் தொங்கவிட்டுத் தேநீர் குடிக்கப் போய், அந்நேரம் கார் களவு போனால், அலட்சியம் என்ற சொல்லுக்கு அங்கே இடமுண்டு. அவரைச் சாவி வாங்கச் சொன்னது சங்கம் என்றால் சங்கமும் அந்தப் பொறுப்பிலிருந்து விலகி நிற்க முடியாது. சாவியை ஒப்படைக்கும் வழக்கம் உள்ள இடங்களில் பூட்டுள்ள ஒரு பெட்டியும், யார் கொடுத்தார், யார் எடுத்தார் என்று குறிக்க ஒரு நோட்டும் இல்லாமல் அதை நடத்தவே கூடாது.

காவலுக்குத் தனி நிறுவனத்தை அமர்த்தும் அடுக்ககங்களின் நிலையும் வேறு. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டப்படி அவை உரிமம் பெற வேண்டும். ஆட்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பலருக்கும் காவற்பணி செய்து கூலி பெறும் அந்த நிறுவனம் பொதுக் கூலியாளைப் போன்றது. அதனிடம் எதை எதிர்பார்க்கிறோம், திருட்டு நேர்ந்தால் என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதாமல் பின்னால் சண்டையிடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. அங்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாருமே தவிர, சீருடை அணிந்து வாயிலில் நிற்கும் வடநாட்டு இளைஞரைச் சாராது.

வாயிலைத் திறந்துவிட்டுப் போன குடியிருப்பாளரைப் பற்றியும் கேட்கிறார்கள். நள்ளிரவில் கடைசியாக வந்தவர் சாத்தாமல் போய்விட்டார். அதன் வழியே திருடன் வந்தான். நேரடியாகச் செய்தவனும் காரணமாக இருந்தவனும் சேர்ந்தால் செயல் நேரடியாகச் செய்தவனையே சாரும் என்பது மஜல்லாவின் 90ஆம் விதி. ஆகவே அவரிடம் வண்டியின் விலையைக் கேட்க முடியாது. காப்பதாக ஏற்றுக்கொண்டவர் திருடனுக்கு வழிகாட்டினால் அவர் ஈடு தர வேண்டும் என்று இதற்கு ஒரு விலக்கையும் சட்ட அறிஞர்கள் சொல்கிறார்கள். காப்பை ஏற்றவருக்கும் ஏற்காதவருக்கும் உள்ள தொலைவு இவ்வளவு. விலை கேட்க முடியாது என்பதால் அவர் செய்தது சரியென்றாகாது. அண்டை வீட்டாரின் உரிமையில் அவர் குறை வைத்துவிட்டார்.

பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் புகுந்து அழித்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் மீதும், இரவில் பிராணிகளைக் கட்டி வைப்பது அவற்றின் உடையவர் மீதும் கடமை என்று நபி (ஸல்) அவர்கள் பகிர்ந்தளித்தார்கள். மக்களின் அன்றாட வழக்கத்தை ஒட்டிக் காவற்கடமையைப் பங்கிட்ட தீர்ப்பு அது. இதைப் போலவே இரவு எத்தனை மணிக்கு வாயில் சாத்தப்படும், பின்னர் வருபவர் என்ன செய்வார், வெளியாட்கள் வருகையை யார் குறிப்பார், கேமராப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், வாட்ச்மேன் எப்போது உறங்கலாம், அந்நேரம் யார் பொறுப்பு என்று ஓர் அடுக்ககம் தன் வழக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதப்பட்ட வழக்கத்தை மீறியவரிடம் கேள்வி கேட்க அப்போது வழி பிறக்கும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன செய்தி திர்மிதீயில் அனஸ் (ரலி) வழியாக வந்துள்ளது, எல்லாரும் அறிந்தது. நம் காலத்தில் கட்டுவது என்பது கைப்பிடிப் பூட்டு, சக்கரத்தில் ஒரு சங்கிலி, திருட்டையும் உள்ளடக்கும் முழுக் காப்பீடு ஆகியவை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருப்பவருக்குத் திருட்டில் ஒரு காசும் கிடைக்காது; இது தெரியாமல் இருப்பவர் பலர். காப்பீடு கூடுமா என்பதில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே நுழையவில்லை. எந்நிலையிலும் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி மின்னணு வழியாகவும் புகாரைத் தெரிவித்து, மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிடலாம்.

அன்பர் விடைபெறும்போது, இரண்டு மாதப் பிடித்தம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றார். அடுத்த கூட்டத்தில் அவர் இதைப் பேசினார். வாதம் நீண்டது, வண்டியை இழந்தவரே எழுந்து, எனக்கு அந்தப் பணம் வேண்டாம் என்றபின் தீர்மானம் கைவிடப்பட்டது. அதற்குள் அந்தப் பெரியவர் சொல்லிக்கொள்ளாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். அவருக்குச் சேர வேண்டிய நாலாயிரத்தையும் கடைசி மாதத்தின் பாதிச் சம்பளத்தையும் ஓர் உறையில் போட்டு, என் பழைய மாணவர் மூலம் ராசிபுரத்துக்கு அனுப்பினார்கள். கிராமத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். வீட்டு முகவரியைச் சங்கத்தின் பதிவேட்டில் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. இரண்டாம் முறை சென்றபோதுதான் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று அந்த மாணவர் பிறகு வந்து சொன்னார்.